மேற்படி

பயிற்சி வகுப்பின் முதல் நாள் காலை பத்தே முக்காலுக்குப் பொன்னுரங்கம் தூங்கிப்போனார்.

கண்ணாடியைக் கழற்றவில்லை. குறட்டை இல்லை. தலைகூடச் சாயவில்லை. முப்பத்தைந்து வருஷ அரசாங்கக் கூட்டங்களில் பழகிய தூக்கம் அது. பக்கத்து இருக்கையில் இருந்த எழிலரசிக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர் கையிலிருந்த பேனா நழுவி, மேசையில் உருண்டு, அவளுடைய மடிக்கணினியில் முட்டி நின்றது.

மேடைக்குப் பின்னால் பேனர் தொங்கியது. 'நீரியல் ஆய்வாளர்களுக்கான இயந்திரக் கற்றால் பயிற்சி. ஆறு வாரம்.' கற்றலில் ஒரு துணைக்கால் கூடுதலாக விழுந்திருந்தது. காலையில் அதைப் பார்த்ததும் பொன்னுரங்கம் சொன்னார்: "சரியாத்தாம்மா போட்டிருக்கான். இயந்திரம் கற்றால் நாம வீட்டுக்குப் போலாம்."

வகுப்பில் இருபத்திரண்டு பேர். சராசரி வயது ஐம்பத்து நான்கு. விழுப்புரத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்த ஆய்வு நிலையத்தில் நிலத்தடி நீர், வண்டல், ஏரி, ஆறு என்று ஆளுக்கொரு தண்ணீரை முப்பது வருஷமாகப் பார்த்தவர்கள். எழிலரசிக்கு ஆறு. வயது ஐம்பத்தெட்டு. வண்டலைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவள். கழுத்து எலும்புத் தேய்மானம், தனி வீடு. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்.

சொல்லித்தர வந்தவனுக்கு இருபத்தேழு. பெயர் இம்தியாஸ், ஊர் ஆம்பூர். ஒப்பந்த வேலை. இது அவன் எடுக்கும் பதினோராவது வகுப்பு என்பது குரலிலேயே தெரிந்தது.

"சின்னப் புள்ளைக்கு நாய் எதுன்னு எப்படிச் சொல்லித்தரோம்?" என்றான். "நாலு காலு, ஒரு வாலுன்னு பாடமா எடுக்கறோம்? நாயைக் காட்டி நாய், நாய்னு நூறு தடவை சொல்றோம். புள்ளை பிடிச்சுக்குது. அதேதான் சார். நாப்பது வருஷ வெள்ளத்தைக் காட்டி வெள்ளம், வெள்ளம்னு சொல்லப் போறோம். மெஷின் பிடிச்சுக்கும்."

பொன்னுரங்கம் கண்ணைத் திறக்காமலே பேசினார். "எல்லாம் சரி தம்பி. வெள்ளம் வந்தப்ப நாங்க எங்க இருந்தோம்னு மட்டும் கேட்டுடாத."

வகுப்பு சிரித்தது. எழிலரசி சிரிக்கவில்லை.

அந்த இயந்திரத்துக்கு 'நீர்க்கண்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினேழு ஆறுகளில் மழை அளவையும் நீர் மட்டத்தையும் தானே பார்க்கும். ஆபத்து என்று பட்டால் கரையோரச் சைரன்களைத் தானே அலறவிடும். முன்பெல்லாம் ஆற்றைப் பார்த்தவர் பொறியாளரைக் கூப்பிட்டு, பொறியாளர் கலெக்டரைக் கூப்பிட்டு, கலெக்டர் தாசில்தாரைக் கூப்பிடுவதற்குள் தண்ணீர் ஊருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். இனி நடுவில் மனிதர் கிடையாது. அமைச்சர் சட்டசபையில் இதைத்தான் இரண்டு முறை சொன்னார், மேசை தட்டல்களுக்காக நிறுத்தி நிறுத்தி.

நீர்க்கண்ணுக்குப் பாடப் புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகம் இவர்களுடைய பழைய பதிவேடுகள்.

முதல் வாரம் கடவுச்சொல்லிலேயே கழிந்தது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று. ஏரிப் பிரிவு சுலோச்சனா தினமும் மறந்தாள். மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். மூன்று மணிக்குத் தேநீர். ஐந்தரைக்குக் கண்ணெல்லாம் எரியும்.

இரண்டாவது வாரம், படமெடுத்த பதிவேட்டுப் பக்கங்கள் திரையில் வந்தன. எண்களைக் கணினி தானே படித்தது. படிக்க முடியாததை இவர்கள் தட்டச்சு செய்ய வேண்டும்.

இம்தியாஸ் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "இது என்னன்னே புரியலை. எல்லா ரெஜிஸ்டர்லயும் இருக்கு. எழுத்தா, பூவா, ஏதாவது கொடியா?"

திரையில், சுருண்டு நெளிந்து ஒரு குறி: ௸.

"இதான் தம்பி நம்ம அரசாங்கத்தோட உண்மையான முத்திரை" என்றார் பொன்னுரங்கம்.

"நெஜமாவே தெரியலை சார்."

"மேற்படி" என்றாள் எழிலரசி. "மேல என்ன இருக்கோ அதேதான்னு அர்த்தம். நேத்து மட்டம் ஒண்ணு புள்ளி ரெண்டு மீட்டர். இன்னிக்கும் அதேன்னா திரும்ப எழுதாம இந்தக் குறியைப் போடுவோம். பழைய பத்திரத்துல எல்லாம் இருக்கும். ஷைன்னு வாசிப்பாங்க."

"அப்ப மேல இருக்கிற நம்பரையே போட்டுடலாம். சிம்பிள்." கொஞ்சம் யோசித்தான். "குறி இருந்துச்சுங்கறதையும் தனி கட்டத்துல வெச்சுக்கறேன். எதையும் தூக்கிப் போட வேணாம்."

அந்தத் தனிக் கட்டத்தை அவன் ஒரு பழக்கத்தில்தான் வைத்தான்.

மூன்றாவது வாரம் 'சுத்தம் செய்தல்'. எண்கள் பட்டியலாக வரும். பொருந்தாத எண்ணைப் பார்த்தால் 'பிழை' என்ற சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். எது பொருந்தாதது என்பதையும் இவர்களே முடிவு செய்தார்கள். கருங்கால் ஆற்றில் மட்டம் மூன்று மீட்டரைத் தாண்டியதாக யாருக்கும் நினைவில்லை. அப்படி இருந்தால் புள்ளி இடம் மாறியிருக்கும். 1.48 என்பதை 14.8 என்று எழுதியிருப்பார்கள். எனவே மூன்றுக்கு மேல் பிழை.

கருங்கால் எழிலரசிக்கு வந்தது. 14.8, பிழை. 12.1, பிழை. 2015 டிசம்பரில் ஓர் எண்: 3.9. மேலும் கீழும் வரிசையாக ௸ ௸ ௸. நடுவில் இது மட்டும் எண். 'பார்த்தவர்' என்ற இடத்தில் 'காவலாளி ஏ. முனுசாமி' என்று கோணல் எழுத்து. தண்ணீர் பட்டு மை ஊறியிருந்தது.

விரல் கொஞ்சம் தயங்கியது. விதி விதிதான். பிழை.

அதற்குப் பின்னோக்கிய பக்கங்களில், 2007 நவம்பரில், அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

நீல மை. ஐந்து நாள். ஐந்து ௸. சுழிகளை எவ்வளவு அழகாக வளைத்திருக்கிறாள்! இருபத்து நான்கு வயதில் ஆய்வு உதவியாளராகக் கருங்கால் முகாமில் இருந்த சமயம். காலை எட்டு மணிக்குத் தரைப்பாலத்தைக் கடந்து போய், அக்கரையில் இருந்த அளவுகோல் கம்பத்தைப் பார்த்து எழுத வேண்டும். நாலு நாள் மழை. தரைப்பாலத்தின்மேல் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஓடியது. பாதிவரை போனாள். செருப்பு போயிற்று. திரும்பி ஓடிவந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ௸ போட்டாள். மறுநாளும். அதற்கு மறுநாளும்.

நான்காவது நாள், எட்டு கிலோமீட்டர் கீழே, பனையடிக்குப்பத்துக்குள் தண்ணீர் புகுந்தது. மூன்று பேர் போனார்கள்: குப்பு, வேண்டா, ஒன்றரை வயதுப் பிரியா. செய்தித்தாளில் வந்த பெயர்கள் அவளுக்கு இன்னும் மனப்பாடம். விசாரணை நடந்தது. ஆற்றுப் பதிவேட்டில் மட்டம் ஏறவே இல்லை. அப்படியானால் தண்ணீர் ஊருக்கு மேலிருந்த ஏரியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஏரிக்கு மதகு திறந்து மூடும் லஸ்கர் அந்தோணிசாமி, "ஐயா, ஆத்துத் தண்ணிதாங்க வந்துச்சு" என்று கும்பிட்டுச் சொன்னார். பதிவேடு வேறு சொன்னது. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு செங்கல் சூளைக்குப் போனதாகக் கேள்வி.

யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருஷமாக.

ஐந்தாவது வாரம் இம்தியாஸ் உற்சாகமாக வந்தான். அந்த ஐந்து வாரத்தில் அவனிடம் உற்சாகத்தை அன்றுதான் பார்த்தார்கள்.

"நீர்க்கண் பிரமாதமா கத்துக்கிட்டிருக்கு. ரெவின்யூ ஆபீஸ் நிவாரணப் பட்டியல்ல முப்பத்தோரு வெள்ளம் இருக்கு. அதுல இருபத்தொம்பதை ஒரு நாள் முன்னாடியே சொல்லிடுது!"

கை தட்டினார்கள்.

"எதை வெச்சு முடிவு பண்ணுதுன்னு படம் போட்டுப் பாத்தேன். பட்டை எவ்வளவு நீளமோ அந்த விஷயம் அவ்வளவு முக்கியம்." திரையில் பட்டைகள் வந்தன. மழைக்கு நடுத்தரப் பட்டை. மேல்நிலை நீர்வரத்துக்குச் சின்னதாக ஒன்று. எல்லாவற்றையும் மிஞ்சி, திரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு பட்டை நின்றது. அதன் பெயர்: ௸.

"எனக்குப் புரியவே இல்லை. அதேன்னு அர்த்தம்னு சொன்னீங்க. தண்ணி அதே மட்டத்துல இருந்தா வெள்ளம் எப்படி வரும்? மலைல மழை, கூடவே இந்தக் குறி. உடனே வெள்ளம்னு சொல்லுது. சொன்னா வருது! இதுக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்?"

சுலோச்சனா கைப்பையில் எதையோ தேடினாள். இருபத்தொரு தலைகள் ஒன்றுபோலக் குனிந்தன. பொன்னுரங்கம் மட்டும் நன்றாக விழித்திருந்தார். விட்டத்தைப் பார்த்தபடி.

"டீ டைம் ஆயிடுச்சு தம்பி" என்றார்.

மரத்தடியில் இம்தியாஸ் தனியாக நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். எழிலரசி அடுத்த நாள் தேநீர் வேளையில்தான் அவனிடம் போனாள். அதற்கே ஓர் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியிருந்தது.

"இம்தியாஸ், அந்தக் குறியைப் பத்தி…"

"போகலை. அதானே மேடம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்துலேர்ந்து பதினெட்டு பேர் தனித்தனியா வந்து சொல்லிட்டாங்க. நீங்க பத்தொம்பதாவது. மழை வந்தா ரோடு இல்லை, பஸ் இல்லை, புள்ளைக்கு ஜுரம், பாம்பு. போகாம மேற்படி போட்டுட்டாங்க. எனக்கு என்னமோ பாவமன்னிப்புக் குடுக்கற ஃபாதர் மாதிரி ஆயிப்போச்சு. எங்கம்மா கேட்டா செருப்பாலயே அடிக்கும்."

"நான் போகாததால மூணு பேர் செத்தாங்க" என்றாள் எழிலரசி. "ஒருத்தருக்கு வேலை போச்சு."

முழுவதையும் சொன்னாள். அவன் காகிதக் கோப்பையை நசுக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"எழுதிக் குடுக்கறேன். அந்த அஞ்சு நாளையும் எடுத்துடு. பொய்யை வெச்சு அதுக்குச் சொல்லித்தர வேணாம்."

"எடுத்துப் பாத்தேன் மேடம். உங்களது மட்டுமில்லை, எல்லாக் குறியையும். அப்ப முப்பத்தோரு வெள்ளத்துல ஆறைத்தான் கண்டுபிடிக்குது." கோப்பையைக் கீழே வைத்தான். "நீங்க எழுதின மட்டம்தான் பொய். நீங்க போகலைங்கறது உண்மை. மனுஷன் போக முடியாத அளவுக்கு ஆறு இருந்துச்சுன்னு அதுல இருக்கு. நாப்பது வருஷத்துல வெள்ளத்தைப் பத்தி நீங்க எல்லாரும் எழுதி வெச்ச ஒரே உண்மை அதுதான்."

"இனிமே சென்சார்தானே பாக்கப் போகுது?"

"அதான் பயமா இருக்கு. சென்சாருக்குப் போகாம இருக்கத் தெரியாது."

இருவரும் இயக்குநர் சந்திரமௌலியின் அறைக்குப் போனார்கள். அவர் தொடக்க விழா அழைப்பிதழில் பெயர் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

இம்தியாஸ் விளக்கினான். எழிலரசி தன் ஐந்து நாளைச் சொல்ல வாயெடுத்தாள். இயக்குநர் கையை உயர்த்தினார்.

"அம்மா, அதெல்லாம் என்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா நான் ஃபைல் போடணும். உங்களுக்கு ரெண்டு வருஷம், எனக்கு எட்டு மாசம்." பிறகு இம்தியாஸிடம், "அமைச்சருக்கு நான் என்னன்னு எழுதறது? 'எங்கள் ஆட்கள் வேலைக்குப் போகாததை வைத்து வெள்ளத்தைக் கண்டுபிடிக்கிறோம்'னா?"

"வேற மாதிரி திரும்பக் கத்துக்கொடுக்க ஆறு மாசம் ஆகும் சார்."

"விழா இருபதாம் தேதி. இருக்கிறபடியே போகட்டும். ஆனா இந்தக் குறி விவகாரத்துக்கு ஒரு முடிவு கட்டிடறேன்."

கட்டினார். பத்து நாளில் உத்தரவு வந்தது. பதினேழு ஆறுகளிலும் சென்சாரோடு 'கள உறுதியாளர்' என்று ஒரு மனிதர் இருப்பார். பயிற்சி பெற்ற ஆய்வாளர்களே அந்த வேலையைப் பார்ப்பார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு நேரில் போய், மட்டத்தைக் கைபேசியில் பதிய வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் போகாமல் இருக்கக் கூடாது. மேற்படிக் குறி இன்றுமுதல் தடை.

"நல்ல உத்தரவுதான்" என்றார் பொன்னுரங்கம். அவருக்கு அந்த மாதம் ஓய்வு. "நாம ஒழுங்கா வேலைக்குப் போனா அதுக்குக் கண்ணு அவிஞ்சுடும். நான் தப்பிச்சேன்மா. இனி எங்க வீட்டுத் தண்ணித் தொட்டி மட்டம்தான் பாப்பேன். அதுவும் வீட்டம்மா கத்தினாத்தான்."

எழிலரசி கருங்கால் ஆற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்புகிற அன்று இம்தியாஸ் கூப்பிட்டான். "ஆப்ல அந்தக் குறிக்கு ஒரு பட்டன் இருந்துச்சு மேடம். எடுக்கச் சொன்னாங்க. நான் கலரை மட்டும் எடுத்துட்டேன். வலது பக்கம் கீழ மூலையில சாம்பலா இருக்கும். அழுத்தினா வேலை செய்யும். ஆனா உங்ககிட்ட விளக்கம் கேப்பாங்க."

கருங்கால் மாறியிருந்தது. தரைப்பாலம் இருந்த இடத்தில் இப்போது உயரப் பாலம். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். எவ்வளவு தண்ணீர் வந்தாலும் நடுப்பாலத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று மட்டத்தைப் பார்க்கலாம். கீழே தூணில் சென்சார் பெட்டி. பாலத்துக் கம்பத்தில் முதல் சைரன். அங்கிருந்து கரையோரமாகக் கிலோமீட்டருக்கு ஒன்றாக, பனையடிக்குப்பம் வரை எட்டுச் சைரன்கள்.

அக்டோபர் முழுக்கத் தினமும் போனாள். 0.9. 1.1. 1.2. கைபேசியில் 'நன்றி' என்று வரும். முழங்கால் வலிக்கும். திரும்பி வந்து இட்லி சாப்பிடுவாள்.

நவம்பர் இரண்டாவது வாரம் மலையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை, பாலத்துக்குப் போகும்போதே சத்தம் கேட்டது. லாரி போவது போன்ற சத்தம். நின்று கேட்டாள். லாரி போய்விடவில்லை.

நடுப்பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். மர வேரும் வைக்கோலும் ஒரு கோழிக் கூண்டும் சுழன்று போயின. அளவுகோலில் நாலரைக்கு மேலே நுரை. நிமிஷத்துக்கு ஒரு கோடு மறைந்துகொண்டிருந்தது. வேறு யாரும் அங்கே இல்லை.

4.6 என்று பதிந்தாள்.

'நன்றி. பதிவு பிழையாகக் கருதப்படுகிறது. மீண்டும் முயலவும்.'

மீண்டும் 4.6. அதே பதில். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு 4.7 என்று பதிந்தாள். பிழை. மூன்றுக்கு மேல் பிழை. அதைச் சொல்லிக்கொடுத்தவள் அவளேதான். காவலாளி முனுசாமி 2015இல் இந்தத் தண்ணீரில் நின்றுதான் 3.9 என்று எழுதியிருக்கிறார். அதையும் சிவப்புப் பொத்தானால் அழித்தவள் அவளேதான்.

கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். பவ்யா என்ற பெண் எடுத்தாள்.

"கருங்கால் பாலத்துலேர்ந்து எழிலரசி. ஆறு நாலே முக்கால்ல போகுது. சைரனைப் போடும்மா."

"மேடம், நீர்க்கண் பச்சைல இருக்கே. சென்சார் ஒண்ணு புள்ளி ரெண்டுதான் காட்டுது."

எழிலரசி குனிந்து பார்த்தாள். சென்சார் பெட்டியின்மேல் ஒரு பனைமரம் குறுக்கே விழுந்து சிக்கியிருந்தது. மூச்சு நின்ற பெட்டி, கடைசியாகப் பார்த்த எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அதுவும் மேற்படி போடக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அது போட்ட மேற்படிக்கு யாரும் பயப்படப் போவதில்லை.

"நான் கண்ணால பாத்துச் சொல்றேன்மா! கையால சைரன் போட முடியாதா?"

"அந்த சுவிட்சை எடுத்துட்டாங்க மேடம். யாரோ கட்சி ஊர்வலத்துக்குப் போட்டுட்டாங்கன்னு. நீங்க அங்க போயிருக்கீங்கன்னு சிஸ்டம்ல வருது மேடம். ஆள் போக முடிஞ்சிருக்கு, அதனால ஆபத்து குறைவுன்னு காட்டுது." அந்தப் பெண் விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது. "நான் மேலதிகாரிக்கு மெயில் போடறேன் மேடம். போடவா?"

எட்டு கிலோமீட்டர். இந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரம். பனையடிக்குப்பத்தில் இப்போது பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவிக்கொண்டிருப்பார்கள்.

திரையின் வலது மூலையில், கீழே, சாம்பல் நிறத்தில் அது இருந்தது. மழைத்துளி விழுந்து பெரிதாகத் தெரிந்தது. ௸.

அழுத்தினாள்.

'இக்குறி தடைசெய்யப்பட்டது. நீங்கள் பணியிடத்துக்குச் செல்லவில்லை என்று பதிவாகும். உறுதியா?'

நடுப்பாலத்தில், ஆற்றுக்கு நேர் மேலே நின்றுகொண்டு, எழிலரசி 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

நாற்பது விநாடி ஆனது. மலையில் இருநூறு மில்லிமீட்டர் மழை. பார்க்க வேண்டியவள் வரவில்லை. நாற்பது வருஷப் பாடமும் நீர்க்கண்ணுக்கு நினைவு வந்தது. அவள் தலைக்கு மேலிருந்த சைரன் அலறியது. காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடுத்தது, தூரத்தில். அதற்கடுத்தது, மழைக்குள். அதற்குமேல் கேட்கவில்லை. போய்க்கொண்டிருந்தது என்று மட்டும் தெரிந்தது.

ஒன்பதே முக்காலுக்குப் பனையடிக்குப்பத்துக்குள் கூரை உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். இரண்டு ஆடுகளும் ஒரு டி.வி.எஸ். வண்டியும் போயின.

செய்தித்தாள்களில் நீர்க்கண்ணின் படம் வந்தது. இயந்திரத்துக்கு முகம் இல்லாததால் அமைச்சர் படத்தைப் போட்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் எழிலரசிக்குக் குறிப்பாணை வந்தது. 'பார்வையில் காணும் உத்தரவுக்கு மாறாக, மேற்படி நாளில் தாங்கள் பணியிடத்துக்குச் செல்லாமல் தடைசெய்யப்பட்ட குறியிட்டது தெரியவருகிறது. மேற்படி நாளில் ஏன் ஆற்றுக்குச் செல்லவில்லை என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.'

பொன்னுரங்கம் ஃபோனில் சிரித்தார். "டவர் இல்லைன்னு எழுதிடும்மா. நாட்டுல எல்லாத்துக்கும் அதான் பதில்."

இம்தியாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கிரமம் மேடம். உங்க ஃபோன் எங்க இருந்துச்சுன்னு பதிவு இருக்கு. எட்டு மணிலேர்ந்து ஒம்பதரை வரைக்கும் நடுப்பாலத்துல நின்னிருக்கீங்க. நான் எடுத்து அனுப்பறேன். இதைக் காட்டினா கேஸே இல்லை."

"வேணாம்பா."

"ஏன் மேடம்?"

"நான் அங்க இருந்தேன்னு தெரிஞ்சா, சைரன் பொய்க் குறிக்கு அடிச்சுதுன்னு ஆயிடும். அந்தப் பட்டனைப் பிடுங்கிடுவாங்க. அடுத்த மழைக்கு யாராவது அங்க நிக்கணும் இல்ல?"

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

"கேட்டதுக்குப் பதில் எழுதறேன்."

ஃபோனை வைத்தாள். வெள்ளைத்தாளையும் நீல மைப் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். குறிப்பாணையை இன்னொரு முறை படித்தாள். மேற்படி நாளில் ஏன் ஆற்றுக்குச் செல்லவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் அரசாங்கம் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

'ஐயா, மேற்படி நாளில் நான் ஆற்றுக்குப் போகவில்லை என்பது உண்மை. தரைப்பாலத்தின்மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பாதி தூரம் போனேன். பயந்து திரும்பிவிட்டேன்.'

தரைப்பாலம் இப்போது இல்லை என்பதை அந்த அலுவலகத்தில் யாரும் கவனிக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்கு மேலே கொஞ்சம் இடம் இருந்ததைப் பார்த்து, இன்னும் ஒரு வரி சேர்த்தாள்.

'ஏரி லஸ்கர் திரு. அந்தோணிசாமி மீது தவறு ஏதும் இல்லை.'